சன்னத்தின் வேகமும் குழலின் பொறையும்

மட்டக்களப்பு வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கி நீண்டு கிடக்கும் நிலம் எழுவான்கரை எனப்படும். செட்டிபாளையம் அக்கரையிலுள்ள ஊர்களுள் ஒன்று. வீடு எழுவான்கரையிலும் வயல் படுவான்கரையிலுமாக வாழ்வது அவ்வூரிலும் அயலூர்களிலும் உள்ள உழவர் பலருக்கு நெடுங்கால வழக்கம். குருக்கள்மடத்துத் துறையில் ஏறி, வாவியைக் கடந்து, அம்பிளாந்துறையில் இறங்கினால் வயல்வெளி. அதற்கும் அப்பால் காடு. வேளாண்மை குடலை கொள்ளுங் காலத்திற் காட்டுப்பன்றி வருகிறது. கதிர் முற்றுங் காலத்தில் யானை வருகிறது. பரணிலே இரவெல்லாம் விழித்திருக்கும் முல்லைக்காரனுக்குப் போடியாருடைய துவக்கு ஒன்றே துணையென்றிருந்த காலமும் உண்டு.

துவக்கைக் கையாண்டவர்களிடையே பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. மருந்தைச் சற்றே கூட்டி அடைத்தால் வெடி வலுக்கும், சன்னம் விரைந்து செல்லும், விலங்கு தப்பாது என்பதே அது. இந்த நம்பிக்கை மட்டக்களப்புக்கு மட்டும் உரியதன்று. தோட்டாவைத் தம் கையாலே அடைத்துக்கொள்ளும் வழக்கம் சட்டப்படி இடம்பெறும் அமெரிக்கா போன்ற நாடுகளிலும், அதனைப் புதிதாகத் தொடங்குவோர் முதலிற் கேட்கும் கேள்வி, "எவ்வளவு வேகம் வரை போகலாம்?" என்பதே. இதற்கு விடை காண வேண்டுமாயின், குழலினுள்ளே நிகழ்வது யாது என்பதை முதலில் நாம் அறிந்துகொள்ளல் வேண்டும்.

தோட்டா என்பது பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியிலே தீமூட்டும் சிறு கேப், நடுவிலே மருந்து, வாயிலே சன்னம். ஊசி கேப்பைத் தட்டியதும் மருந்து பற்றி எரிந்து வாயுவாக மாறுகிறது. அவ்வாயு விரிவதற்கு இடம் தேடுகிறது. பின்புறத்திலே பூட்டு, சுற்றிலும் உருக்குச் சுவர், முன்புறத்திலே சன்னம். இம்மூன்றனுள் அசையக்கூடியது சன்னம் ஒன்றே. ஆகவே அது தள்ளப்பட்டு ஓடுகிறது. இவையனைத்தும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரத்தில் நிகழ்ந்து முடிகின்றன. சன்னத்தைத் தள்ளும் அதே அமுக்கம், அதே கணத்தில், குழலின் சுவரையும் பின்பூட்டையும் அதே வலிமையோடு தாக்குகிறது. முன்னே செல்லும் வேகத்தை மட்டும் எண்ணிப் பின்னே வரும் அமுக்கத்தை மறப்பதிலேதான் ஆபத்துத் தொடங்குகிறது.

அந்த அமுக்கம் எவ்வளவு? மோட்டார் வண்டியின் டயரினுள் அடைபட்ட காற்று, சதுர அங்குலம் ஒன்றுக்கு ஏறக்குறைய 30 இறாத்தல் அமுக்கம் உடையது. நம் நாட்டிலும் இந்தியாவிலும் நெடுங்காலம் வழங்கிய .303 றைபிளின் தோட்டா வெடிக்கும்போது, சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 50,000 இறாத்தல் அமுக்கம் எழுகிறது. டயரினுள் இருப்பதைப்போல 1,600 மடங்குக்கு மேல். இத்தகைய அமுக்கத்துக்கும், கன்னத்தை அணைத்துக் குறிபார்க்கும் மனிதனுடைய கண்ணுக்கும் இடையே நிற்பவை சில அங்குல உருக்கும் ஒரு மெல்லிய பித்தளைக் கூடுமே. அமுக்கம் அளவு கடந்தால் பெரும்பாலும் முதலிற் கிழிவது பித்தளைக் கூடு. அப்போது வாயு பின்னோக்கிப் பாயும்.

சன்னத்தின் வேகத்தை முதன்முதலாக நம்பத்தக்க முறையில் அளந்து காட்டியவர் பெஞ்சமின் றொபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர். 1707ஆம் ஆண்டு பாத் நகரிற் பிறந்த இவர், 1742இல் வெளியிட்ட பீரங்கியியல் நூலில் ஓர் எளிய கருவியை விளக்கினார். கனத்த ஊசல் ஒன்றைத் தொங்கவிட்டு, மரம் பொருத்திய அதன் முகத்திலே சன்னத்தைச் சுடுவது. ஊசல் எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது என்பதை, அதனோடு இழுபட்டு வரும் நாடாவின் நீளத்தால் அறிவது. ஊசலின் திணிவும் சன்னத்தின் திணிவும் தெரிந்தால் வேகம் கணக்கில் வந்துவிடுகிறது. கண்ணாற் காணவியலாத ஓட்டத்தை ஒரு முழ நாடாவாற் பிடித்துவிட்டார்! புகழ்பெற்ற கணித மேதை ஒய்லர், 1745இல் அந்நூலை விளக்கவுரையுடன் ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார். இந்த றொபின்ஸுடைய வாழ்வு முடிந்தது தமிழ் மண்ணிலே என்பதை நம்மிற் பலர் அறியார். கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியியலாளராக வந்த அவர், கோட்டைகளைச் சீரமைக்கும் பணியிலிருந்தபோது நோயுற்று, 1751ஆம் ஆண்டு ஜூலை மாதம் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையிற் காலமானார்.

றொபின்ஸின் காலத்து மருந்து கரிமருந்து. வெடியுப்பு, கந்தகம், கரி என்னும் மூன்றின் கலவையாகிய அது, புகையைக் கக்குவது. குழலிலே கரியை அப்பிவிடுவது. சன்னத்துக்கு அது தரக்கூடிய வேகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மேலும் மேலும் கொட்டினால், ஓரளவுக்கு மேல் உதையும் புகையும் மிகுமேயன்றி வேகம் அதற்கேற்பக் கூடுவதில்லை. 1884இல் போல் வியேய் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர் புகையிலா மருந்தைப் படைத்தார். 1889இல் ஆங்கிலேயர் கோடைற்று என்னும் மருந்தைச் செய்தனர். விளைவைக் கணக்கிலே காணலாம். .303 றைபிள் 1888இற் படையிற் சேர்ந்தபோது, இறுக்கிய கரிமருந்தால் அதன் சன்னம் செக்கனுக்கு 1,850 அடி சென்றது. 1910இல் வந்த ஏழாம் குறித் தோட்டாவில், இலகுவான கூர்ச் சன்னம் செக்கனுக்கு 2,440 அடி சென்றது. மீற்றரிற் கூறின் 744. ஒலியின் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 1,100 அடி. வெடியோசை வந்து சேரும் முன்பே சன்னம் சேர்ந்துவிடும் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் புதிய மருந்துக்குப் பழைய மருந்தினிடம் இல்லாத குணம் ஒன்று உண்டு. கரிமருந்து எரியும் விரைவு, சூழ்ந்துள்ள அமுக்கத்தால் அவ்வளவாக மாறுவதில்லை. புகையிலா மருந்தோ, அமுக்கம் ஏற ஏறத் தானும் விரைந்து எரிவது. விரைந்து எரிந்தால் அமுக்கம் மேலும் ஏறுகிறது. அமுக்கம் ஏறினால் எரிதல் மேலும் விரைகிறது. அடுப்புத் தீயை ஊதுகுழல் கொண்டு ஊதுவதற்கு இது ஒப்பாகும். இங்கே தீயே தன்னை ஊதிக்கொள்கிறது. எனவே உச்ச அளவை நெருங்கிய நிலையில் மருந்தைச் சிறிது கூட்டினால், வேகம் சிறிது கூடும். அமுக்கமோ அதனிலும் ஏறக்குறைய இருமடங்குக்குக் குறையாத வீதத்திற் கூடும்.

இதனை நம் வயற்புறத்துக் கணக்காகவே பார்ப்போம். பன்றி நிற்பது 50 யார் தூரத்தில் என்று கொள்வோம். செக்கனுக்கு 2,440 அடி செல்லும் சன்னம் அத்தூரத்தைக் கடப்பதற்குள், புவியீர்ப்பினால் முக்கால் அங்குலமளவு தாழ்கிறது. பேராசைப்பட்டு மருந்தைக் கூட்டி, வேகத்தை 2,540 ஆக்கினோம் எனின், தாழ்வு எவ்வளவு குறையும்? ஓர் அங்குலத்தின் நூற்றில் ஆறு பங்கு. நெல்மணி ஒன்றின் அகலத்துக்கும் குறைவு. பரணின் இருளிலே, நடுங்கும் கையோடு குறிபார்க்கும் ஒருவனுக்கு இந்த நெல்மணியகலம் யாது பயன் தரும்? விலையோ பெரிது. வேகம் நூற்றுக்கு நான்கு கூடியது. அமுக்கம் நூற்றுக்கு எட்டுக்குக் குறையாமற் கூடிவிட்டது.

"துவக்கைச் செய்தவன் இவ்வளவுக்கும் இடம் விட்டுத்தானே செய்திருப்பான்?" என்று நேயர் ஒருவர் கேட்கலாம். இடம் விட்டிருக்கிறான் என்பது மெய்யே. இங்கிலாந்திலே துவக்குக் குழல்களைச் சோதித்து முத்திரையிடும் உரிமை 1637இலேயே இலண்டன் துவக்குத் தொழிலாளர் சங்கத்துக்கு வழங்கப்பட்டது. பேர்மிங்காம் நகரின் சோதனைச் சாலை 1813இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. பல நாடுகள் கூடி அமைத்த நிலையான சர்வதேச ஆணைக்குழு, 1914இல் பெல்சியத்தின் லியேஜ் நகரில் நிறுவப்பட்டது. அவ்வாணைக்குழுவின் விதிப்படி, றைபிளைச் சோதிக்கும் தோட்டாவின் அமுக்கம் வழமையான உச்ச அமுக்கத்திலும் நூற்றுக்கு 25 மிகுதியாக இருத்தல் வேண்டும். இச்சோதனையைச் சாலையார் கையிலே துவக்கைப் பிடித்துச் செய்வதில்லை. தாங்கியிற் பூட்டி, மறைவிலிருந்து சுடுகின்றனர். அதுவும் ஓரிரு முறையே. மேலே கூறிய நூறு அடிப் பேராசையை மூன்று முறை நிறைவேற்றிக்கொண்டவர், அந்தச் சோதனைத் தோட்டாவை நாள்தோறும் தம் கன்னத்தருகே வைத்துச் சுடுபவராகிறார். விட்டுவைத்த இடம் உலோகத்தின் தேய்வுக்கும், வெப்பத்தின் மாறுதலுக்கும், மனிதக் கையின் பிழைக்கும் உரியது. அதனை முன்கூட்டியே செலவழித்துவிட்டால், பிழை நேரும் நாளிற் கையிருப்பு எதுவும் இராது.

அமுக்கத்தை அளப்பதற்கும் வழி உண்டு. குழலின் பக்கத்தே துளையிட்டு, சிறு செப்புருளை ஒன்றை வைத்து, அது எவ்வளவு நசுங்குகிறது என்று பார்க்கும் முறையை அன்ட்ரூ நோபிள் என்பார் 1860களிற் கொண்டுவந்தார். இக்காலத்தில் மின்னுணரிகள் அவ்வேலையைச் செய்கின்றன. ஆனால் இவை தொழிற்சாலைக்கு உரியவை. தனியொருவர் கையிலே கிடைக்கக்கூடிய கருவி வேகமானியே. 1860களிற் பெல்சியப் படையதிகாரி லெ புலான்ஷே அமைத்த கருவியில், சன்னம் இரு கம்பிகளை அடுத்தடுத்து அறுக்கும். அறுந்த கணங்களில் இரு கோல்கள் மின்காந்தத்தின் பிடியிலிருந்து விழும். விழுந்த இடைவெளியைக் கொண்டு காலத்தைக் கணிப்பர். இன்று அதே பணியை ஒளியுணரியும் றேடாரும் செய்கின்றன.

இந்த இடத்திலேதான் வேகத்தின் உண்மையான பயன் வெளிப்படுகிறது. தோட்டா அடைப்போருக்கெனச் சோதனைக்கூடங்கள் வெளியிடும் நூல்களில், குறித்த சன்னத்துக்கும் குறித்த மருந்துக்கும் தொடக்க அளவு, உச்ச அளவு, அவை தரும் வேகம் என்பன அச்சிடப்பட்டிருக்கும். கவனமுள்ளவர் தொடக்க அளவிலே ஆரம்பித்துச் சிறிது சிறிதாக ஏறுவர். ஒவ்வொரு படியிலும் வேகத்தை அளப்பர். அதே நீளமுள்ள குழலில், நூல் கூறும் உச்ச வேகம் நூல் கூறும் உச்ச மருந்துக்கு முன்பாகவே வந்துவிட்டால், அவருக்கு எல்லை அதுவே; மருந்து மிச்சமிருக்கிறதே என்று மேலே போகமாட்டார். ஏனெனில், அதே மருந்தும் அதே சன்னமும் கூடுதலான வேகம் தருகின்றனவென்றால், கூடுதலான அமுக்கம் எழுந்திருக்கிறது என்பதே பொருள். விலை கொடாமல் வேகம் வாங்க இயலாது. குழல் நீளமாயிருப்பின் வேகம் இயல்பாகவே சற்றுக் கூடும். அதனாலேதான் குழலின் நீளத்தையும் ஒப்பிட வேண்டும் என்றேன்.

சிலர் கருவி எதற்கு, சுட்ட கூட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பர். கேப் தட்டையாவதும், கூட்டின் அடி விரிவதும், பூட்டு திறக்க மறுப்பதும் மிகை அமுக்கத்தின் அடையாளங்களே. ஆனால் அவை எல்லை கடந்த பின்னரே தோன்றுவதும் உண்டு. சில தோட்டாக்களில் தோன்றாமலே போவதும் உண்டு. இவற்றைக் கண்டால் உடனே நிறுத்தல் வேண்டும். காணாமையைக் கொண்டு துணிதல் கூடாது.

ஒரு நாட்டின் நூலிலுள்ள எண்ணை மற்றொரு நாட்டில் அப்படியே கொள்ளலாகாது என்பதற்கு வெப்பநிலை ஒரு காரணம். கோடைற்று வெப்பத்துக்கு எளிதில் வசப்படுவது. இங்கிலாந்தின் குளிரிலே ஒழுங்காகச் சுட்ட தோட்டா, இந்தியாவின் கோடையிலும் ஆப்பிரிக்காவின் வெயிலிலும் மிகுந்த அமுக்கத்தைக் காட்டியது. கூடுகள் குழலிற் சிக்கிக்கொண்டன. ஆகவே வெப்ப நாடுகளுக்கென மருந்தைக் குறைத்து அடைத்த தோட்டாக்களை ஆங்கிலக் கம்பெனிகள் தனியே விற்றன. இன்றைய மருந்துகள் பல முன்னையவற்றிலும் திருந்தியவை என்றாலும், பங்குனி சித்திரை வெயிலில் வள்ளத்தின் அணியத்திலே மணிக்கணக்கிற் கிடந்த தோட்டாவும், நிழலிலே இருந்த தோட்டாவும் ஒன்றல்ல. கூட்டின் சுவர் தடித்திருந்தாலும், சன்னம் கனத்திருந்தாலும், அளவுக்கு மேல் உள்ளே அழுத்தப்பட்டிருந்தாலும் அமுக்கம் ஏறும்.

மேலெல்லை உண்டெனில் கீழெல்லையும் உண்டு. இது பலருக்கு வியப்பளிக்கும். மருந்து மிகக் குறைந்தால் சன்னம் குழலின் நடுவிலே நின்றுவிடலாம். வெடியோசை மெலிதாயிருந்ததே என்று எண்ணாமல் அடுத்த தோட்டாவைச் சுட்டால், முன்னே போக வழியில்லாத அமுக்கம் குழலைப் பிளந்துவிடும். மெதுவாக எரியும் மருந்தைப் பெரிய கூட்டிலே மிகக் குறைவாக இட்டபோது, எதிர்பாராத பேரமுக்கம் எழுந்த நிகழ்ச்சிகளும் உண்டு. ஆகையாலேதான் நூல்கள் தொடக்க அளவையும் வரையறுக்கின்றன.

துவக்கின் வலிமைக்கு மருந்தை அடக்குவதா, மருந்துக்கு ஏற்பத் துவக்கைச் செய்வதா என்பதிற் பழைய வேட்டைக்காரர் தெளிவாயிருந்தனர். 1845இல் இலங்கை வந்து பின்னர் நுவரெலியாவிற் குடியமர்ந்த சாமுவேல் பேக்கர், யானை வேட்டைக்கென இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிற் செய்வித்த றைபிள் 21 இறாத்தல் நிறையுடையது. ஓர் அவுன்சு கரிமருந்து அதற்கு ஒரு வெடி. அவருடைய வேட்டையைப் புகழ்வது எம் நோக்கமன்று. அத்தனை யானைகளைக் கொன்றதை இன்று எவரும் புகழார். ஆயினும் முதலில் இரும்பைக் கூட்டி, அதன் பின்னரே மருந்தைக் கூட்டினார் என்பது கவனிக்கத்தக்கது. இந்தியாவின் இச்சாப்பூர்த் தொழிற்சாலை 1960களில், .303 றைபிளின் அமைப்பை 7.62 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கு ஏற்றபோதும் இதே நெறியைக் கைக்கொண்டது; புதிய தோட்டாவின் அமுக்கம் மிகுதி என்பதால் உருக்கின் தரத்தையே உயர்த்தியது.

இனி நம் வயற்புறத்துத் துவக்குகளைப் பற்றி. அவை பெரும்பாலும் றைபிள்கள் அல்ல. 12 போர்த் துவக்கின் வழமையான தோட்டாவுக்கு உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 11,500 இறாத்தல். றைபிளினதில் நாலில் ஒரு பங்களவே. கொல்லன் பட்டறையிலே நீர்க்குழாயைக் கொண்டு செய்யப்படும் துவக்குக்கோ எந்தச் சோதனைச் சாலையின் முத்திரையும் இல்லை. எனவே அதற்குப் பாதுகாப்பான வேகம் என்று கூற எந்த எண்ணும் இல்லை. கரிமருந்துக்கெனச் செய்த குழலிலே புகையிலா மருந்தை அதே அளவு கொட்டுவதே இத்துறையிற் கொடிய பிழை. இரண்டும் சிறு கரிய மணிகளாகவே கண்ணுக்குத் தோன்றலாம். ஒன்று சுடும், மற்றொன்று குழலைச் சிதறடித்து, தாங்கிய கையின் விரல்களைக் கொண்டுபோகும். மிருகம் தானே இடறிச் சுடுபடும்படி கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு, வழிப்போக்கரின் காலையும் அறியாது.

நம் நாட்டிலே துவக்கு வைத்திருப்பதற்கு 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச்சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். வெடிபொருளைச் செய்வதும் வைத்திருப்பதும் 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துக்கு உட்பட்டவை. அனுமதியின்றி வீட்டிலே மருந்து கலப்பதற்கும் தோட்டா அடைப்பதற்கும் இங்கு இடமில்லை. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 400க்கு மேற்பட்ட யானைகளும், யானைகளால் 150க்கு மேற்பட்ட மக்களும் மாண்டனர். வெல்லாவெளி, போரதீவுப் பகுதியார்க்கு இத்துயரம் செய்தித்தாள் வழியே அறிய வேண்டியதன்று. யானையை விரட்ட வனசீவராசிகள் திணைக்களம் வழங்கும் யானை வெடி ஓசையையே நம்பியது. அதற்குக் குழலும் வேண்டா, வேகமும் வேண்டா.

அனுமதிப்பத்திரத்தோடு பாட்டன் காலத்துத் துவக்கு ஒன்று வீட்டிலே இருக்குமாயின், அதற்கு வேறொரு கவனமும் வேண்டும். கரிமருந்தின் எச்சம் ஈரத்தை ஈர்ப்பது. ஒருபுறம் கடற்காற்று, மறுபுறம் வாவிக்காற்று, இரண்டும் உப்புக்காற்றே. வெளியே எண்ணெய் பூசி மினுங்கும் குழல் உள்ளே குழிகுழியாக அரித்துக் கிடக்கலாம். செய்த நாளில் அது தாங்கிய அமுக்கத்தை இன்றும் தாங்கும் என்பதற்கு எவ்வித உறுதியும் இல்லை. அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநர் ஒருவரிடம் காட்டி, உட்புறத்தை ஒளியிலே பார்த்துச் சொல்லும் வரை அதிலே தோட்டா இடாதிருத்தல் நன்று. பரணின் மேலோ பெட்டகத்தின் அடியிலோ, பெயர்ச்சீட்டு அழிந்த தகரத்தில் மருந்து கிடந்தால், அது எம்மருந்து என்று பற்றவைத்துப் பார்க்கவும் வேண்டா. கையும் படாமல், வெயிலும் படாமல், இருந்த இடத்திலேயே விட்டுப் பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்தால், அதை அகற்றப் பயிற்சி பெற்றவர்கள் வந்து எடுத்துச் செல்வர்.